பதினொரு தையல் போட்ட பிங்கான்

1

சென்ற செவ்வாய்க்கிழமை பினாங்குத் துறைமுகத்துச் சுங்கக் கிடங்கில் ஒரு குமாஸ்தாவை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஓங்குவதற்கும் அடிப்பதற்கும் நடுவில் மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சில் அவன் தப்பித்தான்.

சென்னப்பட்டணத்திலிருந்து வந்த கப்பலில் எனக்கு ஒரு மரப்பெட்டி வந்திருந்தது. அனுப்பியவர் ராயப்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் சுல்தான். பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் எங்கள் உம்மாவின் பழைய சேலை, சேலைக்குள் ஒரு வெள்ளைப் பிங்கான். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் அகலம். விளிம்பில் நீலக் கொடி. குறுக்கே மூன்று விரிசல், அந்த விரிசல்களைப் பிடித்து நிறுத்திக்கொண்டு பதினொரு பித்தளைத் தையல். குமாஸ்தா பென்சில் முனையால் ஒவ்வொரு தையலாகத் தட்டிப் பார்த்தான். உடைந்த தட்டுக்கா இத்தனை வைக்கோல், இதற்குக் கப்பல் கூலி வேறு தண்டமா என்று சிரித்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நம்மவன்தான். அதனால்தான் கை ஓங்கியது.

பிறகு இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல அச்சடித்த தாளை நிரப்பினோம். பொருளின் பெயர் என்ன? தட்டு என்றால் நம்பமாட்டார்கள், தாம்பாளம் என்றால் உலோகம் என்று வரி ஏறும், கிராக்கரி என்று போடலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற மலாய்ச் சேவகன் எட்டிப் பார்த்து, "பிங்கான் பெசார்" என்றான். பெரிய பிங்கான். எங்கள் உம்மா சொல்லும் அதே சொல். அவள் போய் நாலு மாதம் ஆகிறது. யாரோ ஒரு மலாய்க்காரன் வாயில் அவள் வார்த்தை வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தாளில் கடைசிக் கேள்வி: விற்பனைக்கா, சொந்த உபயோகத்துக்கா? அதைக் காலியாக விடச் சொன்னேன். காலியாக விட அனுமதி இல்லையாம். சொந்த உபயோகம் என்று எழுதி, பொய் எழுதுகிறோம் என்ற நினைப்போடு கையெழுத்துப் போட்டேன்.

2

இங்கே மலாய்க்காரர்கள் சாப்பிடுகிற தட்டு தகரமாக இருந்தாலும் பிங்கான் என்றுதான் சொல்கிறார்கள். என் மகன் இங்கே பிறந்தவன், ஆங்கிலப் பள்ளிக்கூடம் போகிறவன். மலாய்ச் சொல் உங்கள் உம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று என்னையே கேட்கிறான். சூலியா தெருவில் சட்டி பானை விற்கும் சீனரிடம் இதைச் சொன்னேன். மண் எங்கள் ஊர் மண், சூளை எங்கள் ஊர்ச் சூளை, பெயரை எவன் வைத்தால் என்ன என்று அவர் கணக்கை முடித்துவிட்டார்.

பட்டணத்தில் இருந்தபோது இந்தச் சொல்லோடு எனக்கு வேறு வழியிலும் பழக்கம் உண்டு. மயிலாப்பூரில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தேன். தினமும் ராயப்பேட்டையிலிருந்து டிராமில் போய் லஸ்ஸில் இறங்குவேன். அங்கே ஓர் அகராதி அச்சாகிக்கொண்டிருந்தது. தொகுத்தவர் மாடவீதியில் குடியிருந்த தமிழாசிரியர். 'பி' வரிசை வந்தபோது பிங்கானை என்ன செய்வது என்று அவருக்குக் குழப்பம். கலம் நம்முடையது, வட்டில் நம்முடையது, மண்டைகூட நம்முடையதுதான். பழைய பாட்டில் மண்டை என்றால் தலை இல்லை, கஞ்சியும் கள்ளும் ஊற்றிக் குடிக்கும் கலம் என்பார். பிங்கான் மட்டும் கப்பலேறி வந்த விருந்தாளி.

எங்கள் தெருவில் பார்சி மொழி படித்த ஹகீம் வைத்தியர் ஒருவர் இருந்தார், உருது பேசுகிறவர். அவரிடம் கேட்டு வந்தேன். பார்சி தேசத்தில் பிங்கான் என்றால் முதலில் சாப்பிடுகிற பாத்திரமே இல்லையாம். அடியில் ஊசி ஓட்டை போட்ட செம்புக் கிண்ணமாம். ஒருவன் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டதும் அந்தக் கிண்ணத்தைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி ஏறி, நிரம்பி, முழுகும். முழுகினால் அவன் முறை முடிந்தது, மடையை அடைத்துவிட வேண்டியதுதான். ஆசிரியர் இதைக் கேட்டுத் தொடையில் தட்டிக்கொண்டார். நம்மிடம் அதற்கு நாழிகை வட்டில் என்று பெயர் இருக்கிறதே, இரண்டு தேசத்திலும் சோறு தின்கிற பாத்திரத்தை வைத்துத்தான் பொழுதை அளந்திருக்கிறார்கள் என்று குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். அது முழுக எத்தனை நேரம் பிடிக்கும் என்று நான் வேடிக்கையாகக் கேட்டேன். அன்றைக்கு என் தங்கை உயிரோடு இருந்தாள்.

சொல்லுக்கு இத்தனை அப்பன்மார் உரிமை கொண்டாடுகிறார்கள். பிங்கான் உடைந்த அன்றைக்கு ஒருத்தனும் வரவில்லை.

3

எங்கள் பாட்டனார் தெற்குக் கடற்கரையிலிருந்து வந்து ராயப்பேட்டையில் குடியேறியபோது கொண்டுவந்த பிங்கான் அது. விசேஷ நாளில் பாய் விரித்து, நடுவில் பிங்கானை வைத்து, நெய்ச்சோற்றை மலைபோலக் குவித்து, நடுவில் கறியை ஊற்றுவார்கள். நாலு பேர் நாலு பக்கம். அவரவர் தன் எதிரில் இருக்கிற சோற்றைத்தான் எடுக்க வேண்டும். நாலாவது ஆள் வந்து கை வைக்கும்வரை மற்ற மூன்று பேரும் தொடக் கூடாது. பசியில் குடல் கூப்பாடு போட்டாலும் மூன்று கையோடு பிங்கான் துவங்காது. பெண்களுக்கு உள்ளே வேறு பிங்கான், வேறு நேரம்.

சண்டை தீர்க்கவும் எங்கள் ஜமாஅத்தில் இதே வழிதான். வெட்டிக்கொண்டவர்களையும் குத்திக்கொண்டவர்களையும் ஒரே பிங்கானில் உட்கார வைப்பார்கள். இரண்டு பகையாளி, நடுவர் ஒருவர், பெண் வீட்டுப் பக்கமோ பங்காளிப் பக்கமோ இன்னொருவர். நாலு கையும் நனைந்துவிட்டால் பகை செத்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எவனும் வாயில் எடுக்கக் கூடாது. போலீஸ், கோர்ட், வக்கீல் ஒன்றும் வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

4

என் தங்கை பெயர் மைமூன். எங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவது வழக்கம். அவளுக்கு சுல்தான் பெரிய காக்கா, நான் வெறும் காக்கா. கேலி பேசுவதில் கெட்டிக்காரி. நான் அச்சுக்கூடத்திலிருந்து மையோடு வந்தால், காக்கா இன்றைக்குத்தான் காக்கா மாதிரி இருக்கிறது என்பாள். அவளை மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கத்துச் சந்தில் சேணம் தைக்கிற ஹபீபுக்குக் கொடுத்தோம். ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு வார், கடிவாளம், சேணம். மோட்டார் வண்டி பெருகப் பெருக அவன் தொழில் சுருங்கியது. தொழில் சுருங்கச் சுருங்க வார் வேறு இடத்தில் வேலை செய்தது.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஜட்காவிலிருந்து இறங்கி வந்தாள். முக்காட்டை வலது பக்கம் இறுக்கிப் பிடித்திருந்தாள். உம்மா விலக்கிப் பார்த்தாள். எங்கள் பெண்கள் காது மடல் நெடுகத் துளையிட்டு வரிசையாக வளையம் போடுவார்கள். அந்த வளையங்களை ஒரே பிடியாகப் பிடித்து இழுத்திருக்கிறான். மடல் ஓரம் கிழிந்து தொங்கியது. உம்மா கத்தவில்லை. வெந்நீர் வைக்கப் போனாள், சட்டியை அடுப்பில் வைக்கத் தெரியாமல் தரையில் வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

சுல்தான் காக்கா சட்டைகூட மாட்டாமல் கிளம்பினார். நான் பின்னால் ஓடினேன். கடையில் ஹபீப் குனிந்து தோல் அறுத்துக்கொண்டிருந்தான். காக்கா ஒன்றும் கேட்கவில்லை. அங்கே கிடந்த, தோல் தட்டுகிற கொட்டாப்புளியை எடுத்து வாயில் அடித்தார். இரண்டு பல் சேணத்தின் மேல் விழுந்தது. ஹபீப் கையில் இருந்த பிறைக்கத்தியை வீசினான். காக்காவின் வலது உள்ளங்கை எலும்பு தெரியப் பிளந்தது. அன்றைக்கு மடங்காமல் போன இரண்டு விரல் இன்றைக்கும் மடங்கவில்லை. சந்து முழுவதும் கூடிவிட்டது. இரண்டு பேரையும் பிரிக்க ஆறு பேர் ஆயிற்று. வாயில் ரத்தத்தோடு ஹபீப் என்னைப் பார்த்துச் சொன்னான்: "இன்னா நைனா, ஊரையே கூட்டிக்கினு வந்துட்டீங்க. என் வூட்டுக் குதிரைக்கு நான் லாடம் அடிச்சா ஒங்களுக்கு இன்னா?"

நான் அவனை ஒன்றும் செய்யவில்லை. கீழே கிடந்த பல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுத்துக் கோத்துக் கோத்து எனக்குச் சின்னச் சாமான்தான் கண்ணில் படும்.

5

போலீஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஜமாஅத்துத் தலைவர் முந்திக்கொண்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எங்கள் வீட்டிலேயே சமாதானம் என்று முடிவாயிற்று. காக்கா அடித்ததும் தப்பு, ஹபீப் வெட்டியதும் தப்பு, இரண்டும் ஒன்றுக்கொன்று சரி. கிழிந்த காதை எந்தத் தராசுத் தட்டில் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கூடத்தில் பாய் விரித்தார்கள். உம்மாவே நெய்ச்சோறு ஆக்கினாள், ஆக்கித்தான் தீர வேண்டும். பிங்கானைச் சுற்றித் தலைவர், கட்டுப் போட்ட கையோடு சுல்தான் காக்கா, வீங்கின வாயோடு ஹபீப். நாலாவது இடம் பெண் வீட்டுக்கு, அதாவது எனக்கு. கெண்டியால் எல்லாருக்கும் கையில் தண்ணீர் ஊற்றியது நான்தான். ஊற்றி முடித்து உட்காரப் போனேன். உள் அறைத் திரைக்குப் பின்னாலிருந்து மைமூன் குரல் வந்தது. அடங்கின குரல்தான், ஆனால் கூடத்தில் எல்லார் காதிலும் விழுந்தது.

"காக்கா, நீ ஒக்காராதே. நீ ஒக்காந்தா நாலு கை ஆயிடும்."

நான் கெண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெய்ச்சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. சுல்தான் காக்கா தலை நிமிரவே இல்லை. தலைவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லாதவர். என்னைப் பார்த்து, "சோறு ஆறுது, ஒக்காரு வாப்பா" என்றார்.

உட்கார்ந்தேன். இதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சோறு ஆறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பிஸ்மி சொல்லி என் பக்கத்துச் சோற்றில் கை வைத்தேன். மூன்று கையும் என் கைக்குப் பின்னால் இறங்கின. ருசியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அன்று மாலை அஸர் தொழுகைக்குள் ஹபீப் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டான். ஜட்காவில் ஏறும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை. கேலியும் பேசவில்லை.

மறுநாள் அச்சுக்கூடத்தில் தமிழாசிரியரிடம் இந்தக் கதையைச் சொன்னேன், எங்கள் வழக்கம் எவ்வளவு சுலபமாகச் சண்டை தீர்க்கிறது என்று காட்ட. அவர் புரூப் தாளை மடித்து வைத்தார். "எங்காத்துல பெரியவா நாலு பேரு இலை போட்டுண்டு முடிச்சுடுவா. ஒங்காத்துல பிங்கான். அவளை யாரு கேட்டா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வழக்கத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

6

நாற்பது நாள்கூட ஆகவில்லை. கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தண்ணீர் இறைக்கப் போனவள் கால் தவறி விழுந்துவிட்டாள் என்றான் ஹபீப். குளிப்பாட்டின பெண்கள் உம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: முதுகு நெடுக வார் பட்ட தடம், பழையதன் மேல் புதியது, இடது காதும் கிழிந்திருக்கிறது. கிணற்றுக்குக் காதைக் கிழிக்கத் தெரியுமா?

விசாரணையில் நான் சாட்சி சொன்னேன். முதல் காது, கொட்டாப்புளி, கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்க்கட்சி வக்கீல் மிகவும் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தச் சண்டைக்குப் பிறகு இவரோடு ஒரே பாத்திரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா? சாப்பிட்டேன். உங்கள் வழக்கப்படி அதற்கு என்ன அர்த்தம்? அர்த்தத்தைத் தலைவரே வந்து சொன்னார், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது: பகை தீர்ந்தது என்று அர்த்தம். கோர்ட்டுக் குமாஸ்தா எழுதிக்கொண்டான். கால் தவறி விழுந்தாள் என்று முடித்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பிங்கானைத் தூக்கி முற்றத்துக் கல்லில் அடித்தேன். நாலு துண்டாயிற்று. அந்தச் சத்தம் போதவில்லை. துண்டுகளையும் மிதித்துத் தூளாக்கப் போனேன். உம்மா வந்து காலுக்கும் துண்டுக்கும் நடுவில் கையை வைத்தாள். என் செருப்பு அவள் விரல்மேல் இறங்கிவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

"ஒடைச்சிட்டா நடக்கலேன்னு ஆயிடுமா? இது கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் தெருவில் பிங்கான் ஒட்டுகிறவர் போனார். வில்லால் சுழற்றும் துரப்பணத்தை வைத்து விரிசலின் இரண்டு பக்கமும் துளை போட்டு, பித்தளைக் கம்பியை வளைத்துத் தையல் போடுவார். உம்மா அவர் எதிரிலேயே உட்கார்ந்து பதினொரு தையலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அதில் யாருக்கும் சோறு வைக்கவில்லை. கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில். தலைவர் வந்தால் அதற்கு எதிரில்தான் பாய் போடுவாள்.

அதற்குப் பிறகு வந்த பெருநாளன்று சுல்தான் காக்கா ஹபீபை அவனுடைய பிறைக்கத்தியாலேயே வெட்டினார். செத்தான். வலது கை விரல் மடங்காமல் இடது கையால் வெட்டியதால் வெட்டு பல இடத்தில் விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். தூக்கு தப்பிப் பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஒரு நாள் இருந்தது. மறுநாளிலிருந்து அச்சுப் பெட்டியில் கை வைத்தால் எழுத்து தங்கவில்லை. 'பி' வரிசைப் பக்கம் கோத்தது கோத்தபடி கிடந்தது. மனைவியையும் கைக்குழந்தை ஆமினாவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினேன். அகராதி வெளிவந்ததா, அந்தச் சொல்லுக்கு எதிரில் கடைசியில் என்ன பொருள் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

7

இங்கே வந்து பதினேழு வருஷம். சின்னதாக ஓர் அச்சு யந்திரம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடைப் பில், பேசும்படக் கொட்டகை நோட்டீஸ். எல்லாம் நம் ஜமாஅத்துக்காரர்கள் கொடுக்கிற வேலை. ரப்பர் விலை விழுந்தபோது அவர்கள்தான் சோறு போட்டார்கள். ஆமினாவைச் சென்ற வருஷம் குடைக்கடை யூசுபுக்குக் கொடுத்தோம். சிரித்த முகம், தொழுகை தவறாத ஆள்.

பெட்டி வருவதற்கு மூன்று வாரம் முன்னால் ஆமினா வீட்டுக்கு வந்தாள். முன்பல் ஒன்று பாதி இல்லை. படியில் விழுந்தேன் என்று தமிழில் சொன்னாள். அன்று மாலை அவள் உம்மா தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கை எங்கோ பட்டுவிட்டது. வலியில் மலாய் வந்தது. புக்குல், புக்குல் என்று அழுதாள். அடித்தான், அடித்தான். பேச்சில் தமிழ் குறைகிறது என்று அவளை நான் எத்தனை தரம் திட்டியிருக்கிறேன். பொய் சொல்ல மட்டும் அவளுக்குத் தமிழ் மிச்சம் இருந்தது, அதையும் எங்கள் வீட்டில்தான் கற்றிருக்கிறாள்.

ஜமாஅத்துப் பெரியவர்கள் வழக்கம்போலச் சமாதானம் பேச வந்தார்கள். வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, உங்கள் வீட்டிலேயே என்றார்கள். செவ்வாயன்று பிங்கான் வந்தது. பெட்டியில் சுல்தான் காக்காவின் கடிதம், யாரையோ வைத்து எழுதியது: "உம்மா கடைசியில் சொன்னது. இது உன் மகளுக்கு." வியாழன் மாலை விருந்து ஏற்பாடு பேச வந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, பழைய காலத்துச் சாமான், இதிலேயே வைத்துவிடலாம் என்று சந்தோஷப்பட்டார். நான் சரி என்றேன். எது வந்தாலும் அந்தப் பிங்கானிலேயே வரட்டும் என்றுதான் பட்டது.

வெள்ளிக்கிழமை கூடத்தில் பாய். நடுவில் பிங்கான், மேலே நெய்ச்சோறு, தையல் எல்லாம் சோற்றுக்கு அடியில் மறைந்திருந்தது. பெரியவர், யூசுப், யூசுபின் வாப்பா. கெண்டியால் மூன்று பேருக்கும் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிவிட்டு உள்ளே போனேன். திரைக்குப் பின்னால் ஆமினா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நான் உட்காரட்டுமா என்று கேட்டேன். பதினேழு வருஷம் கழித்து, ஒரு பெண்பிள்ளையிடம், முதல் தடவையாக. அவள் என் முகத்தை நம்பாமல் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி, "தா மாவ், வாப்பா" என்றாள். வேண்டாம்.

வெளியே வந்தேன். கெண்டியைக் கீழே வைக்காமல் நின்றேன். மூன்று கை பிங்கானுக்கு மேல் காத்துக்கொண்டிருந்தது. அச்சு யந்திரத்துக்கு இனி வேலை வராது, மகனுக்கு நாளை பெண் கொடுக்க யோசிப்பார்கள், எல்லாம் வரிசையாக ஓடியது. பெரியவர் சிரித்த முகத்தோடு, "சோறு ஆறுது, ஒக்காருங்க" என்றார்.

"ஆறட்டும்" என்றேன்.

அவர் மறுபடி சொன்னார். நானும் மறுபடி அதையே சொன்னேன். மூன்றாம் தரம் யாரும் சொல்லவில்லை. நெய் உறைந்து சோற்றின்மேல் வெள்ளையாகப் படர ஆரம்பித்தது. முதலில் பொறுக்க முடியாமல் போனது சிரித்த முகத்துக்காரனுக்குத்தான். உன் வீட்டுக்கு வரவழைத்து அவமானப்படுத்துகிறாயா கிழவா என்று யூசுப் எழுந்தான். எழுந்த வேகத்தில் பிங்கானைக் காலால் எட்டி உதைத்தான். அது பாயைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. சோறு கூடம் முழுவதும் சிதறியது. கறி பெரியவரின் வெள்ளை வேட்டியில் கொட்டியது. நான் கெண்டியை அவன் மண்டைக்கு நேராக ஓங்கினேன். இந்தத் தடவை மூச்சு வாங்கவில்லை, இறக்கியிருப்பேன். பின்னாலிருந்து ஆமினா என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். ஆண்கள் கூடியிருக்கிற கூடத்துக்குள், முக்காடு நழுவி, பாதிப் பல்லோடு.

பெரியவர் தம் வேட்டியைப் பார்த்தார். சோற்றை உதைத்த காலைப் பார்த்தார். ஆமினாவின் வாயைப் பார்த்தார். அவரும் நல்ல மனிதர்தான். பெண் இங்கேயே இருக்கட்டும், மணவிலக்கு எழுத நான் ஆள் அனுப்புகிறேன் என்றார். யூசுபின் வாப்பா மகனை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

எல்லாரும் போன பிறகு ஆமினா சோற்றுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து பிங்கானை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முக்காட்டு நுனியால் துடைத்தாள். விரலால் தையல்களை எண்ணினாள், மலாயில், ஒன்று முதல் பத்துவரை. பிறகு பாய்க்கு அடியில் பதினொன்றாவதைத் தேடினாள். கிடைக்கவில்லை. சுங்கத் தாளில் சொந்த உபயோகம் என்று எழுதியது பொய் இல்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கே சுல்தான் காக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நிறைய எழுத நினைத்தேன், மைமூன் பெயரை எழுதினதும் கை நின்றுவிட்டது. அதை அடித்துவிட்டு மூன்றே வரி எழுதித் தபாலில் போட்டேன்.

பிங்கான் வந்து சேர்ந்தது. ஒரு தையல் விட்டுப்போயிற்று. ஆமினா இருக்கிறாள்.